இடதுபக்கப் பந்து

உக்காருங்க, உக்காருங்க. அந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன். சேலம் வரைக்குமா? நானும் சேலந்தாங்க. நல்லதாப் போச்சு. பவானியில ஏறுனதுலேந்து பக்கத்துல ஆளே இல்ல.

பையில இருக்கறது பூப்பந்து பேட்டுங்க. அந்த மூணுகாலு செல்போனை நிறுத்தற ஸ்டாண்டு. சேலத்துல இன்னைக்கு ஒரு டோர்னமென்ட், அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு. ஆடப் போகலீங்க, பாக்கத்தான் போறேன். பூப்பந்துக்குப் பக்கத்துக்கு அஞ்சு பேரு வேணும். எனக்கு இப்ப அஞ்சு பேரு இல்ல. அப்புறம் பேட்டு எதுக்குன்னு பாக்கறீங்களா? சும்மாதானுங்க. ஏதாவது டீமுக்குக் கடைசி நேரத்துல ஒரு ஆளு குறைஞ்சாக்க.

பூப்பந்து தெரியுமில்லீங்களா? மஞ்சக் கம்பளிப் பந்து. ஷட்டில் மாதிரி நெட்டு கட்டி ஆடறது, ஆனா வெட்டவெளியில மண்ணு கோர்ட்டுல. முன்னாடி ரெண்டு பேரு, நடுவுல ஒருத்தரு, பின்னாடி ரெண்டு பேரு. நான் வலது பின்னாடி. எனக்கு இடது பின்னாடி நாச்சிமுத்து. இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் நின்னோம். அவரு பக்கம் அவரு, எம்பக்கம் நான்.

எம்பேரு அர்த்தநாரிங்க. சர்வேயரா இருந்து ரிட்டயர்டு ஆயிட்டேன். முப்பத்தொரு வருஷம் காடு மேடெல்லாம் சங்கிலி இழுத்து அளந்தவன். அண்ணந்தம்பி அரையடிக்கு அருவா தூக்குவாங்க, நடுவுல போயி நிப்பேன். என் கல்லை நான் நட்டுட்டேன்னா அதுக்கு அப்பால பேச்சே கெடையாது. கோடுன்னா கோடுங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாயம், அந்தப் பக்கம் ஒரு நாயம்.

எங்க கோர்ட்டுக்குக் கோடு போடறதும் நாந்தான். ஞாயித்துக்கெழமை காலைல அஞ்சரைக்கே போயிருவேன். கயிறு கட்டி, மூலைமட்டம் பாத்து, சுண்ணாம்புப் பொடி போடுவேன். மத்தவங்க ஆறேகாலுக்குத்தான் வருவாங்க. ஒருத்தரும் ஒரு நாளும் கோடு கோணல்னு சொன்னதில்ல. நல்லா இருக்குன்னும் சொன்னதில்ல, அது வேற.

இந்த வீடியோ எடுக்கற பழக்கம் ரிட்டயர்டு ஆனப்புறம் வந்ததுங்க. மக ஒரு நல்ல போன் வாங்கிக் குடுத்தா. பந்து கோட்டுல பட்டுதா, வெளியில பட்டுதான்னு தினமும் வாய்ச்சண்டை. சண்டை எதுக்கு? ஸ்டாண்டை வெச்சு எடுத்துட்டா சாட்சி ஆச்சு. ரெண்டு விரல்ல படத்தைப் பெருசு பண்ணி, மெதுவா ஓட்டிப் பாத்தா சுண்ணாம்பு தெறிக்கறது கூடத் தெரியும். மொத ரெண்டு வாரம் எல்லாரும் ஆசையாப் பாத்தாங்க. அப்புறம் அவங்களுக்கு அலுத்துப்போச்சு. உண்மை அலுத்துப்போகுமுங்களா? ஆனா பாருங்க, அலுத்துப்போச்சு.

வீட்டுல கூட அப்படித்தான். எங்க வீட்டுல அவங்க ஒரு நாளு ஒண்ணு சொன்னாங்க, மறுநாளு நான் அப்படிச் சொல்லவே இல்லையேன்னாங்க. நான் போனுல பதிஞ்சு வெச்சிருந்தேன், போட்டுக் காட்டினேன். அதுக்கப்புறம் எங்க வீட்டுல சண்டைங்கற பேச்சே இல்லீங்க. எங்கிட்ட எதுவுமே சொல்றதில்ல. இப்ப ஓசூர்ல மக வீட்டுல இருக்காங்க. பேரன் பொறந்தப்ப மூணு மாசம்னு போனாங்க. அவனுக்கு இப்ப ரெண்டரை வயசு. சின்னப் பையனை விட்டுட்டு வர முடியாதில்லீங்களா.

நாச்சிமுத்து விஷயத்துக்கு வர்றேன்.

அவரு கவர்மென்ட் பஸ்ஸு டிரைவருங்க. என்னைவிட அஞ்சு வயசு சின்னவரு. ஒசந்த ஆளு, பேச்சு கம்மி. எங்க ஊர்லேந்து காலைல ஆறரைக்குக் கெளம்பற ஈரோடு வண்டி அவருது. ஞாயித்துக்கெழமை மட்டும் மாத்தி வாங்கிக்குவாரு, ஆட்டத்துக்காக. ரிட்டயர்டு ஆக ரெண்டு வருஷம் பாக்கி. ஒரு ஆக்சிடென்ட் இல்ல, ஒரு மெமோ இல்ல. அப்படிப்பட்ட ஆளு.

எனக்குத் தொண்டை பெருசுங்க. காட்டுல இருநூறடிக்கு அந்தாண்ட சங்கிலி புடிச்சுக்கிட்டு நிக்கறவனுக்குக் கேக்கணுமில்ல, அப்படிக் கத்திப் பழகுனது. ஆட்டத்துலயும் அப்படித்தான். பந்து நெட்டைத் தாண்டறப்பவே எங்க வருதுன்னு எனக்குத் தெரிஞ்சிரும். "நாச்சி, லெப்டு"ன்னு ஒரு சத்தம் போடுவேன். அவரு பேட்டை நீட்டுவாரு. பந்து திரும்பிப் போயிரும். "நாச்சி, மேல"ம்பேன். பின்னாடி போயி எடுப்பாரு. ஆட்டத்தோட ஆட்டமா வாயி அதும்பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். சர்வேயரு வந்தா கோர்ட்டுல ரேடியோ வேண்டாம்னு பூபதி கிண்டல் பண்ணுவாரு. பூபதி எங்க கேப்டன், மருந்துக்கடை வெச்சிருக்காரு.

போன வருஷம் கடைசியில, மார்கழின்னு வெச்சுக்கங்களேன், ஒரு ஞாயித்துக்கெழமை நாங்களே ரெண்டா பிரிஞ்சு ஆடினோம். பூபதி அடிச்ச பந்து நாச்சிமுத்துக்குப் பின்னாடி கோட்டுக்கிட்ட விழுந்துது. உள்ளதான்னு அவங்க, வெளியன்னு நான். போனை எடுத்துட்டு வந்தேன். பாத்தா ஒரு விரக்கடை வெளிய. தெளிவா இருக்கு. எல்லாத்துக்கும் காட்டினேன். பூபதி ஒத்துக்கல, பனியில சரியாத் தெரியலைன்னாரு. நான் மறுபடி ஓட்டினேன். அப்பத்தான் நாச்சிமுத்து சொன்னாரு.

"விடுங்கண்ணா. ஒரு பாயின்ட்டுதானே. காலங்காத்தால நாம ஆட வந்தமா, கேஸு நடத்த வந்தமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. பூபதி சிரிச்சாரு, எதிர்ப்பக்கம் சிரிச்சாங்க. எம்பக்கம் நிக்கறவங்களும் சிரிச்சாங்க. அவரு கெட்ட எண்ணத்துல சொல்லலீங்க, எனக்குத் தெரியும். ஆனா எம்பக்கத்து ஆளு. இருபத்திரண்டு வருஷம் பக்கத்துல நின்ன ஆளு. அவரு பக்கத்துல விழுந்த பந்துக்காகத்தான் நான் வாதாடுனது.

அன்னையோட நான் அவருகிட்ட பேச்சைக் கொறைச்சுக்கிட்டேன். சண்டையெல்லாம் இல்லீங்க. கேட்டா பதில் சொல்லுவேன். ஆட்டத்துல எம்பக்கத்தை மட்டும் பாத்துக்குவேன். அவரு பக்கம் அவரோடது. அதுலயும் நாயம் இருக்குது பாருங்க, கோடு போட்டுத்தானே நிக்கறோம்.

மூணு வாரங் கழிச்சு கவுந்தப்பாடியில டோர்னமென்ட். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. பதினாறு டீமு. நாங்க எப்பப் போனாலும் ரெண்டாவது ரவுண்டுல திரும்பி வர்ற டீமுதான். அன்னைக்கு என்னமோ கூடி வந்துது. காலைல ரெண்டு ஜெயிச்சோம், மத்தியானம் செமி பைனல் ஜெயிச்சோம். இருபத்திரண்டு வருஷத்துல மொத தடவை பைனலு. பூபதி கடையைச் சாத்திட்டு வீட்டு ஆளுங்களையெல்லாம் கூட்டிட்டு வந்துட்டாரு. நாச்சிமுத்து சம்சாரம் தெய்வானையும் வந்திருந்தாங்க. நான் எங்க வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அப்படிங்களா, சாப்ட்டீங்களா?"ன்னு கேட்டாங்க.

எதிர்ல கோபி டீமு. ஆளுக்கொரு செட்டு. மூணாவது செட்டு முப்பத்தஞ்சு பாயின்ட்டு. முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு நிக்குது. அதுக்கப்புறம் நாலு பந்து. நாலும் இடது பின்னாடி. ஒவ்வொண்ணும் நாச்சிமுத்து காலுக்குப் பக்கத்துல வந்து விழுது, மனுசன் மரம் மாதிரி நிக்கறாரு. பந்து விழுந்தப்புறம் திரும்பிப் பாக்கறாரு. நாலாவது பந்து அவரு முட்டியிலயே பட்டுது. கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க. ஆட்டம் முடிஞ்சுது.

வண்டியில திரும்பி வர்றப்ப பூபதி சொன்னாரு, "பின்வரிசை கொஞ்சம் சரியா இருந்திருந்தா கப்பு நம்முளுது." பின்வரிசைன்னா யாருங்க? நானும் சேர்ந்ததுதானே. எனக்கு அது பொறுக்கல. எம்பக்கம் ஒரு பந்து விழல. ஒண்ணு கூட.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து உக்காந்தேன். ஏழு மணி இருக்கும். மூணாவது செட்டு முழுக்க ஒவ்வொரு பந்தா வெட்டி எடுத்தேன். மெதுவா ஓட வெச்சு, பந்து விழற எடத்துல செவப்பு வட்டம் போட்டேன். மெதுவா ஓட்டுனா சத்தம் கொழகொழன்னு வரும், அதனால சத்தத்தை எடுத்துட்டேன். எண்ணிப் பாத்தேன். அந்த செட்டுல நாங்க விட்ட பாயின்ட்டு முப்பத்தஞ்சு, அதுல பத்தொம்பது இடது பின்னாடி. எங்கணக்கு ரெண்டு. எல்லாத்தையும் எழுதி, "தோல்விக்குக் காரணம் – சான்றுடன்"னு தலைப்புப் போட்டு எங்க பூப்பந்து குரூப்புல போட்டுட்டேன். பேரு போடலீங்க. பேரு போட வேண்டிய அவசியமே இல்ல, வட்டம் போட்டிருக்கில்ல.

மொதல்ல ரெண்டு பேரு சிரிக்கற பொம்மை போட்டாங்க. அப்புறம் யாரும் ஒண்ணும் போடல. நாச்சிமுத்து பாத்தாரா இல்லையான்னு தெரியல. அவருக்குப் போன்ல பேச மட்டுந்தான் வரும். அடுத்த ஞாயித்துக்கெழமை அவரு வரல. அதுக்கு அடுத்ததும் வரல. ரோசம்னு நெனைச்சேன். வரட்டும், ரோசம் அடங்குனா வரட்டும்னு இருந்தேன். அவரு பக்கத்துக்கும் சேத்துக் கோடு மட்டும் போட்டு வெச்சேன்.

பங்குனி மாசம்னு நெனைக்கறேன். ஈரோட்டுல ஒரு பென்சன் வேலை. ஆறரை வண்டிக்குப் போறேன், டிரைவரு சீட்டுல வேற ஆளு. கண்டக்டரு அதே தங்கராசுதான். அவரும் எங்க கூட ஆடறவரு, முன்வரிசை. அவருதான் நாச்சிமுத்து வண்டிக்குப் பத்து வருஷமா கண்டக்டரு.

"நாச்சிமுத்து லீவுங்களா?"ன்னு கேட்டேன்.

தங்கராசு டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டு, "உங்களுக்குத் தெரியாதுங்களா?"ன்னாரு.

"தெரியாதே."

"அவரை வண்டியிலேந்து எறக்கிட்டாங்க. டெப்போவுல டயருக்குக் காத்தடிக்கற எடத்துல போட்டிருக்காங்க. கண்ணு போச்சுன்னு."

"கண்ணா? நல்லாத்தானே இருந்தாரு. போர்டு எழுத்தெல்லாம் தூரத்துலேந்தே படிப்பாரே."

"நேரா இருக்கறது தெரியுங்க. சைடு தெரியாது. இடது பக்கம் சுத்தமாத் தெரியாது. உங்க வீடியோவை டெப்போவுல எல்லாரும் பாத்தாங்க. பந்தே தெரியலையே, பஸ்ஸை எப்படிப்பா ஓட்டறன்னு கிண்டலு. அது மேல வரைக்கும் போயிருச்சு. கூப்பிட்டுக் கண்ணு டெஸ்டுக்கு அனுப்பிட்டாங்க."

"டெப்போவுக்கு யாரு அனுப்புனது?"

"நாந்தான் ஒருத்தருக்கு அனுப்புனேன். சிரிக்கறதுக்கு." அப்படீன்னுட்டு முன்னாடி போயிட்டாரு. ஈரோடு வர்ற வரைக்கும் எம்பக்கம் திரும்பவே இல்ல.

இப்ப நீங்களே சொல்லுங்க. நான் வீடியோ போட்டது குரூப்புல. குரூப்புக்குள்ள இருக்கறது குரூப்புக்குள்ளதானே இருக்கணும்? சரி, அதை விடுங்க. இடது பக்கந்தானுங்க ஜனங்க ஏறி எறங்கற பக்கம். சைக்கிள்ல பள்ளிக்கூடப் புள்ளைங்க போற பக்கம். அந்தப் பக்கம் தெரியாம ஒருத்தரு வண்டி ஓட்டறாரு. ஒரு உசுரு போயிருந்தா? யோசிச்சுப் பாத்தா அந்த வீடியோ எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்கு. இதைப் பூபதி கடைக்கே போயிச் சொன்னேன். பூபதி மாத்திரை அட்டையைக் கத்தரிச்சுக்கிட்டே இருந்தாரு. யாரும் மருந்து வாங்கக் கூட வரலீங்க அப்ப.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கெழமை ஆளு கொறைய ஆரம்பிச்சுது. ஒருத்தருக்கு முட்டிவலி, ஒருத்தருக்குக் கல்யாணம். ஏழு பேரு, அப்புறம் நாலு பேரு. வைகாசியில ஒரு நாளு நான் கோடு போட்டு முடிச்சு எட்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல. குரூப்புல பாத்தா ஒவ்வொருத்தரா வெளிய போயிட்டிருக்காங்க. என்னன்னு விசாரிச்சா, எல்லாரும் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பின்னாடி புதுசா கோர்ட்டு போட்டு அங்க ஆடறாங்களாமா. புதுக் குரூப்பு வேற. அந்தப் பக்கமா ஒரு தடவை சும்மா வண்டியில போனேன். கோடு கோணலுங்க. மூலையே சேரல.

நான் பழைய எடத்துலதான் இருக்கேன். பள்ளிக்கூடச் சுவரு ஒண்ணு இருக்கு, அதுல பந்தை அடிப்பேன். ஸ்டாண்டு வெச்சு எடுப்பேன், வீட்டுக்கு வந்து பாப்பேன். முன்னைவிட இப்ப எங்கையி நல்லா இருக்கு. பாக்கத்தான் ஆளில்ல.

குரூப்புல கடைசியா ரெண்டு பேருதான் மிச்சம். நானும் நாச்சிமுத்துவும். அவரு மட்டும் போகல. அதைப் பாத்ததும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. எல்லாரும் போயும் இந்த மனுசன் போகலையேன்னு. அப்பக் கூடப் போயிப் பாக்க மனசு வரலீங்க. ஆடி போச்சு, ஆவணி போச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடிதான் போனேன். ரெண்டு கிலோ ஆப்பிளு வாங்கிக்கிட்டு, அவங்க ஊருக்குப் பஸ் ஏறிப் போனேன்.

தெய்வானை கதவைத் தொறந்துட்டு, "வாங்கண்ணா"ன்னாங்க. மொகத்துல ஒண்ணும் காட்டிக்கல. நாச்சிமுத்து உள்ள கட்டில்ல இருந்தாரு. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு வந்தாரு. வர்றப்ப அந்தம்மா அடுப்படியில நின்னுக்கிட்டே, "இடது பக்கம் ஸ்டூலு"ன்னாங்க. அவரு கொஞ்சம் ஒதுங்கி வந்து உக்காந்தாரு. அந்தம்மா திரும்பிக் கூடப் பாக்கல. உப்பு போட்டியான்னு கேக்கற மாதிரி சாதாரணமாச் சொன்னாங்க.

"எப்படி இருக்கீங்க நாச்சி?"ன்னேன்.

"இருக்கறனுங்கண்ணா. கண்ணுல பிரஷராமா. சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. போன பார்வை போனதுதான். இருக்கறது போகாமப் பாத்துக்கலாம்னாங்க. இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு."

பாத்தீங்களா, அவரு வாயாலயே சொன்னாரு. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துது. "அப்ப ஒரு வகையில நல்லதுதான்"ன்னேன்.

"ஒரு வகையில நல்லதுதானுங்கண்ணா"ன்னாரு.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்கே தெரியலைங்களே. ரெண்டு வருஷமா கதவு நெலவுல தோளு இடிக்கும். வயசாச்சு, நெதானம் இல்லைன்னு நெனைச்சுக்கிட்டேன். வண்டியில தங்கராசு படியில நின்னுக்கிட்டு லெப்ட்ல ஆளு, லெப்ட்ல சைக்கிளுன்னு சத்தம் போட்டுக்கிட்டே வருவான். அதுல ஓடிருச்சு." அப்புறம், "டாக்டரு ஒண்ணு கேட்டாருங்கண்ணா. இந்தப் பக்கம் தெரியாம ரெண்டு வருஷம் எப்படிங்க பந்தாடினீங்கன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

காபி வந்துது. குடிச்சோம். எனக்கு எந்திரிச்சுப் போயிறலாம்னு இருந்துது. அப்பத்தான் கேட்டாரு, "அந்த வீடியோ இருக்குதுங்களாண்ணா? நான் பாக்கவே இல்ல."

எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சந்தோசம், பொய் சொல்லக் கூடாது. மொத மொதல்ல ஒருத்தரு அவரா கேட்டுப் பாக்கறாரு. வட்டம் போட்டதை எடுத்தேன். "இது வேண்டாம், முழுசா எடுத்தது இருந்தா அது போடுங்க, சாதாரண வேகத்துல"ன்னாரு. எடுத்துப் போட்டேன். சத்தத்தையும் கூட்டி வெக்கச் சொன்னாரு. போனைக் கையில வாங்கி மடியில வெச்சுக்கிட்டாரு.

அவரு பாக்கலீங்க. சன்னலைப் பாத்துக்கிட்டிருந்தாரு. கேட்டுக்கிட்டிருந்தாரு.

விசிலு கேக்குது. பூபதி "வாங்க, வாங்க"ன்னு கத்தறது கேக்குது. பந்து பேட்டுல படற சத்தம் டொப்பு டொப்புன்னு கேக்குது. அந்த நாலு பந்தும் வந்துது. ஒவ்வொண்ணுக்கும் கூட்டம் ஓன்னுது. வேற ஒண்ணும் இல்ல.

"போன வருஷத்து ஆட்டம் ஏதாவது இருக்குதுங்களா?"ன்னாரு.

நான் எதையும் அழிக்கறதில்லீங்க. போன வருஷம் இதே கவுந்தப்பாடியில ஆடுனது இருந்துது. போட்டேன். மறுபடியும் சன்னலைப் பாத்துக்கிட்டாரு. மொதப் பந்துலயே எந்தொண்டைதான் கேக்குது. நாச்சி லெப்டு. டொப்பு. நாச்சி மேல. டொப்பு. நாச்சி லெப்டு, லெப்டு. டொப்பு. ஆட்டம் முழுக்க அதேதான். எனக்கே அசிங்கமா இருந்துது, இத்தனை தடவையா கத்தறோம்னு. நான் அந்த வீடியோவைப் பாத்திருக்கறனுங்க, சத்தத்தோட பாத்ததில்ல.

அடுப்படியில பாத்திரம் கழுவிட்டிருந்த அந்தம்மாவும் கையை நிறுத்திட்டாங்க.

நாச்சிமுத்து ஒரு அஞ்சு நிமிஷம் கேட்டிருப்பாரு. கேக்கக் கேக்க வலது கையி மடியில லேசா அசையுது. பேட்டு புடிக்கற மாதிரி. அப்புறம் போனை ரெண்டு கையிலயும் புடிச்சு எங்கிட்டக் குடுத்தாரு.

"சரிங்கண்ணா"ன்னாரு.

அவ்வளவுதான். ஏன் கூப்பிடலைன்னு கேப்பாருன்னு இருந்தேன். கேட்டிருந்தா பதில் வெச்சிருந்தேன். அவரு பக்கத்தை அவருதானே பாத்துக்கணும், ஆட்டத்துல கூப்பிடணும்னு எந்த ரூலும் கெடையாது. நெட்டுலேந்து அந்த எடத்துக்குப் பந்து வர ஒண்ணேகாலு செகண்டு, நான் கூப்பிட்டு அவரு கேட்டுக் கையை நீட்டறதுக்குள்ள பந்து விழுந்திருக்கும்னு கூடச் சொல்லியிருக்கலாம். ஆனா போன வருஷத்து ஆட்டத்துலயும் அதே ஒண்ணேகாலு செகண்டுதான். அப்ப எடுத்திருக்காரே. எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்த எடத்துல இடிக்குதுங்க.

கேக்கவே இல்ல. "மழை வர்ற மாதிரி இருக்குது, நாலரை பஸ்ஸைப் புடிச்சிருங்கண்ணா"ன்னாரு. அந்தம்மா ஆப்பிளுப் பையைத் திருப்பிக் குடுக்கலீங்க. வாங்கிக்கிட்டாங்க. அது ஒரு நல்லதுன்னு நெனைக்கறேன்.

வீட்டுக்கு வந்து அந்த நாலு பந்தையும் சத்தத்தோட போட்டுப் பாத்தேன். எத்தனை தடவைன்னு எண்ணல. படத்தைப் பெருசு பண்ணி என்னையப் பாத்தேன். அதுவரைக்கும் நான் என்னையப் பாக்கவே இல்லீங்க, பந்தையும் அவரையுந்தான் பாத்திருக்கேன். நாலு பந்துக்கும் எந்தலை இடது பக்கம் திரும்புது. பந்து நெட்டைத் தாண்டறப்பவே திரும்பிருது. பாத்துட்டேன். வாயி மூடியிருக்குது. நாலு தடவையும்.

அதைக் குரூப்புல எழுதணும்னு நெனைச்சேன். போன் பண்ணிச் சொல்லலாந்தான். வாயில வர மாட்டேங்குதுங்க. மூணு வாரமா எழுதி எழுதி அழிச்சேன். மொதல்ல ஒரு பக்கம் வந்துது, மார்கழியில நடந்தது, பூபதி சிரிச்சது, எல்லாத்தையும் சேத்து. அதையெல்லாம் அழிச்சேன். இன்னைக்குக் காலைல பஸ் ஸ்டாண்டுக்கு வர்றதுக்கு முன்னாடிதான் போட்டேன். இருங்க, காட்டறேன். கண்ணாடி இல்லாமப் படிக்க முடியுமுங்களா? நானே படிக்கறேன்.

"நாச்சி, கவுந்தப்பாடியில கடைசி நாலு பந்தும் உங்க பக்கம் வந்ததை நான் பார்த்தேன். கூப்பிடவில்லை. வேணுமென்றே கூப்பிடவில்லை. – அர்த்தநாரி."

பத்து நிமிஷத்துல பாத்துட்டாருங்க. அந்த ரெண்டு டிக்கும் நீலமாச்சு. அப்புறம் அவரு ஏதோ எழுதறாருன்னு காட்டுது. நிக்குது, மறுபடி எழுதறாரு. டிரைவரு கையாச்சே, தட்டத் தெரியாது. பல்லு வெளக்கிட்டு வந்து பாக்கறேன், பதில் வந்திருக்கு. இங்க பாருங்க.

"சரிங்கண்ணா. உடம்பைப் பாத்துக்கங்க."

அக்கறையாத்தானே எழுதியிருக்காரு? கோவம் இருக்கற மனுசன் உடம்பைப் பாத்துக்கங்கன்னு எழுதுவாங்களா?

அதுக்குக் கீழ சின்ன எழுத்துல ஒண்ணு இருக்குதுங்களே, அதையும் படிச்சிட்டீங்களா. "நாச்சிமுத்து வெளியேறினார்." அது வந்துங்க, கையி தவறிப் பட்டிருக்கும். அவருக்குத்தான் அந்தப் பக்கம் தெரியாதே. எதைத் தொடறோம்னு தெரியாமத் தொட்டிருப்பாரு. குரூப்புலேந்து வெளிய போறதுக்கு ரெண்டு தடவை அமுத்தணும்னு மக சொன்னா. மொதல்ல ஒண்ணு அமுத்தணும், அப்புறம் நெசமாலுமான்னு கேக்கும், மறுபடி அமுத்தணுமாமா. ரெண்டு தடவையும் தவறிப் படாதுங்களா? படலாமில்ல.

குரூப்புக்கு அட்மின் நாந்தானுங்க. மறுபடியும் அவரைச் சேத்து விட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. விரலை வெச்சா முடிஞ்சுது. காலைலேந்து வெச்சு வெச்சு எடுத்துட்டிருக்கேன்.

சேத்து விடலாமில்லீங்களா? நீங்க என்ன நெனைக்கறீங்க?